எனக்கு விசுவாசமே இல்லையோ, ஐயா?

கேள்வி: ஐயாவுக்குத் தோத்திரம். எனக்கு 38 வயது. தூத்துக்குடி பக்கம் ஒரு கிராமம், மளிகை மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்காரர் ஷார்ஜாவில் இருக்கிறார், 5 மாதமாக அவருக்குச் சம்பளம் வரவில்லை. அத்தைக்குப் பக்கவாதம் வந்து 11 மாதம் ஆகிறது, வலது கை கால் விளங்கவில்லை, பேச்சும் போய்விட்டது. மகன் எட்டாம் வகுப்பு. காலை நாலரைக்கு எழுந்தால் ராத்திரி பதினொன்றுக்குத்தான் படுக்கிறேன். ஜெபிக்க உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் தூங்கிவிடுகிறேன், தூங்காத நாளில் சுவரோடு பேசுவதுபோல இருக்கிறது. வருடப்பிறப்பு ஆராதனையில் அட்டையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த வசனம் எரேமியா 29:11. இதுவரை ஒன்றும் நடக்கவில்லை. சொந்தக்காரர் ஒருவர், "உனக்கு விசுவாசம் குறைவு, அதுதான் தடை" என்று சொல்லிவிட்டார். 21 நாள் உபவாச முகாமுக்கு வரச்சொல்லிக் கூப்பிடுகிறார்கள். போன மாதம் கடையில் கல்லாவை எண்ணும்போது, 3,000 ரூபாயை எடுத்துக்கொண்டு அடுத்த மாதம் வைத்துவிடலாமா என்று தோன்றிவிட்டது. எடுக்கவில்லை. ஆனாலும் அப்படி நினைத்தவளுக்கு விசுவாசம் எங்கே இருக்கும்? சபையில் சாட்சி சொல்கிறவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. ஆண்டவர்மேல் ஆழமான நம்பிக்கை எப்படித்தான் வரும்? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த 3,000 ரூபாயிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நீங்கள் அதைக் கடைசிப் பக்கத்தில், வெட்கப்பட்டுக்கொண்டே எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ முழுக் கடிதத்திலும் அந்த வரிதான் கண்ணில் நின்றது. கணக்கு உங்கள் கையில் இருக்கிறது, யாரும் பார்க்கவில்லை, வீட்டில் 5 மாதமாகப் பணமில்லை, அடுத்த மாதம் வைத்துவிடலாமே என்று மனசும் நியாயம் சொல்கிறது, அப்படியும் நோட்டை அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். எதனால் என்று யோசித்துப் பார்த்தீர்களா? மாட்டிக்கொள்வேன் என்று பயந்ததாக நீங்கள் எழுதவில்லை. இதை எடுக்காமலும் ஆண்டவர் நம்மை நடத்துவார் என்று உங்களுக்குள் எங்கோ ஒரு மூலை நம்பியிருக்கிறது. உங்களுக்கே தெரியாமல் நம்பியிருக்கிறது. எண்ணம் வந்ததற்காக உங்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள், சோதனை எல்லாருக்கும் வரும். அன்று சாயங்காலம் நீங்கள் செய்தது விசுவாசம் உள்ள ஒருத்தி செய்த காரியம்.

அந்தச் சொந்தக்காரர் சொன்னதைத் தூக்கிக் கிணற்றில் போடுங்கள். கோபமாகத்தான் எழுதுகிறேன். நான் ஆயராகி 31 வருடம் ஆகிறது, அதில் 9 வருடம் ஒரு மருத்துவமனையில், படுக்கை படுக்கையாகப் போய் ஜெபிக்கிற வேலை. இந்த ஒரு வார்த்தை எத்தனை பேரை வியாதியைவிட அதிகமாக வாட்டியிருக்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவன். பிள்ளையைக் கொண்டுவந்த தகப்பன் இயேசுவிடம் என்ன சொன்னான்? "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுதான். பாதி விசுவாசம், பாதி அவிசுவாசம், இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னான். முதலில் விசுவாசத்தை முழுசாக்கிக்கொண்டு வா என்று அவனைத் திருப்பி அனுப்பவில்லை, அன்றைக்கே பிள்ளை சுகமானான்.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஆழமான நம்பிக்கை எப்படி வரும்?

நம் தமிழ் வேதத்தில் 'விசுவாசம்' ஒரு சொல், 'உண்மை' வேறொரு சொல். அதனால் விசுவாசம் என்பது மனசுக்குள் பொங்குகிற ஏதோ ஒன்று, உண்மையாயிருப்பது நடக்கையைச் சேர்ந்தது என்று நாம் பிரித்துவைத்துவிட்டோம். எபிரெயத்தில் அப்படி இல்லை. 'எமூனா' என்று ஒரு சொல் இருக்கிறது. ஆபகூக் 2:4இல் நீதிமான் தன் விசுவாசத்தினாலே பிழைப்பான் என்று வருகிற இடத்தில் இருப்பது அந்தச் சொல்தான். புலம்பல் 3:23இல் "உமது உண்மை பெரிதாயிருக்கிறது" என்று நாம் படிப்பதும் அதே சொல். இதற்கெல்லாம் முன்னால் யாத்திராகமம் 17இல், அமலேக்கியரோடு நடந்த யுத்தத்தில், அது மோசேயின் கைகளைப் பற்றி வருகிறது. கை தூக்கியிருந்தால் இஸ்ரவேல் ஜெயிக்கிறது, தளர்ந்தால் அமலேக்கு ஜெயிக்கிறது. கிழவருக்குக் கை வலிக்கிறது. ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டு உட்காரவைத்து, ஆரோன் ஒரு பக்கம், ஊர் என்கிறவர் இன்னொரு பக்கம் நின்று அந்தக் கைகளைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். பொழுது சாயும்வரை அந்தக் கைகள் 'எமூனா'வாக இருந்தன என்கிறது வேதம். தளராமல், அசையாமல் நின்றன என்று அர்த்தம்.

அந்த நேரத்தில் மோசேக்கு உள்ளுக்குள் என்ன உணர்வு இருந்தது என்று வேதம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தோள்பட்டை கடுத்திருக்கும், அவ்வளவு நிச்சயம். கை கீழே விழவில்லை, அதுவும் அவர் சொந்த பலத்தில் இல்லை. நீங்கள் தேடுகிற ஆழமான நம்பிக்கை இப்படித்தான் வருகிறது என்று நான் கண்டிருக்கிறேன்: கை முதலில் பழகுகிறது, மனசு பின்னால் வந்து சேர்கிறது. நாம் எல்லாரும் தலைகீழாக எதிர்பார்க்கிறோம், மனசு நிறையட்டும், அப்புறம் கையும் காலும் தானாக நடக்கும் என்று.

என் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் வீட்டு அடுப்படியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்கலயம் இருக்கும். பிடியரிசிக் கலயம். உங்கள் பக்கமும் பெரியவர்கள் வீட்டில் பார்த்திருப்பீர்கள். உலை கொதித்ததும் அரிசியை உழக்கால் அளந்து, களைந்து போடுவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை அதை மடித்துக்கட்டிக் கோயிலுக்குக் கொண்டுபோவாள், எல்லார் வீட்டு அரிசியும் ஒன்றாகச் சேர்ந்து விற்றுக் காசாகி ஊழியத்துக்குப் போகும். திருநெல்வேலிச் சபையார் 1903இல் வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல் தாங்களே இந்திய மிஷனரி சங்கத்தை ஆரம்பித்து, தெலுங்கு தேசத்தில் தோர்ணக்கல் வரைக்கும் ஆள் அனுப்பினார்கள் என்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்த மாதிரிக் காரியங்களுக்கு ஆதாரம் இப்படிப்பட்ட சின்னச் சின்னக் கைகள்தான். ஒரு வருடம் எங்கள் வீட்டில் ரொம்பக் கஷ்டம். ஒருவேளை கஞ்சி, ஒருவேளை ஒன்றுமில்லை. அப்போதும் அம்மா கம்பை அளந்து அதிலே ஒரு பிடி எடுத்துப் போட்டாள். எனக்குப் பத்து வயதிருக்கும், "நமக்கே இல்லையேம்மா" என்று கேட்டேன். பெரிய விளக்கம் ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். "உலை கொதிக்குதுல்ல, தள்ளு" என்றாள்.

அப்பா இறந்து அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் காலையில், வீடு முழுக்க ஆட்கள் படுத்திருக்கிறார்கள், அடுப்படியில் கலயத்துக்குள் அரிசி விழுகிற சத்தம் கேட்டது. அழுதுகொண்டேதான் போட்டிருப்பாள், முதல் நாள் ராத்திரி முழுக்க "ஏன் ஆண்டவரே" என்று கேட்டவள்தானே. பிற்காலத்தில் அம்மா "நடத்துவார்" என்று ஒரு வார்த்தை சொன்னால் எங்கள் தெருவில் யாரும் எதிர்ப்பேச்சு பேச மாட்டார்கள், அப்படி ஒரு நிச்சயம் அந்தக் குரலில் இருக்கும். அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எந்தக் கன்வென்ஷன் கூட்டத்திலும் வாங்கி வந்தது இல்லை அது. நாற்பது வருடமாக அந்தக் கலயத்தில் பிடி பிடியாக விழுந்து சேர்ந்தது.

இப்போது உங்கள் வாக்குத்தத்த அட்டை. எரேமியா 29:11, நாம் அதிகமாகச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிற வசனங்களில் ஒன்று. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்." இதை ஜனவரி 1ஆம் தேதி நடுராத்திரியில் கையில் வாங்கினால், டிசம்பருக்குள் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பது இயற்கைதான், உங்கள்மேல் தப்பு சொல்ல மாட்டேன். அட்டையில் ஒரு வசனத்தை மட்டும் அச்சடித்துக் கொடுத்துவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று சொல்லித்தராத என்னைப் போன்ற ஆயர்கள்தான் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அது ஒரு கடிதம், சகோதரி. எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி எழுதி, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன ஜனங்களுக்கு அனுப்பிய கடிதம். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவன் வருகிறான். இரண்டே வருடத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள், ஆலயத்துப் பாத்திரங்கள்கூட வந்துவிடும் என்று ஜனங்கள் கூடியிருக்கிற இடத்தில் பேசுகிறான். எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் காட்டுகிறான். எவ்வளவு பெரிய விசுவாசி என்று அன்றைக்கு எல்லாரும் நினைத்திருப்பார்கள். எரேமியாவுக்கும் அது நடக்க வேண்டும் என்றுதான் ஆசை, "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றுதான் முதலில் சொன்னார். ஆனால் கர்த்தர் அப்படிச் சொல்லவில்லை. அவர் சொன்னது 70 வருடம். 29:11க்கு முந்தின வசனத்திலேயே அந்த 70 இருக்கிறது. எடுத்துப் பாருங்கள்.

அப்படியானால் 70 வருடம் அந்த ஜனங்கள் என்ன செய்ய வேண்டும்? ஐந்தாம் வசனத்திலிருந்து படியுங்கள்: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள். நீங்கள் இருக்கிற அந்த ஊரின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள். அவ்வளவுதான் சொல்லியிருக்கிறது, மலை ஏறச் சொல்லவில்லை, 21 நாள் சாப்பிடாமல் இருக்கச் சொல்லவில்லை. எதிர்பார்த்த முடிவைக் கொடுப்பேன் என்று சொன்ன அதே வாயால், இன்றைக்குக் கத்தரிச் செடிக்குத் தண்ணீர் ஊற்று என்கிறார் ஆண்டவர். அந்த வாக்குத்தத்தத்தை நம்புவதும் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதும் அந்த ஜனங்களுக்கு ஒரே வேலையாக இருந்தது.

இதைப் படித்து அப்படியே வாழ்ந்த ஒருவர் இருந்தார். தானியேல். சின்ன வயதில் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர், எரேமியா சொன்ன அந்த 70 வருடக் கணக்கை முதிர்ந்த வயதில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்ததாக தானியேல் 9இல் இருக்கிறது. அந்த அதிகாரத்தில் வருகிற தரியு ராஜா காலத்தில்தான் தானியேல் சிங்கக் கெபியில் போடப்பட்டதும் நடக்கிறது. ராஜாவைத் தவிர வேறு யாரிடமும் விண்ணப்பம் செய்யக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். தெரிந்தவுடன் தானியேல் வீட்டுக்குப் போய், எருசலேமுக்கு நேரான பலகணிகள் திறந்திருக்க, தினம் மூன்று வேளையும் முழங்காற்படியிட்டார், "தான் முன் செய்துவந்தபடியே". இந்த மூன்று வார்த்தையை அடிக்கோடு போட்டு வையுங்கள். ஆபத்து வந்தபிறகு புதிதாக விசுவாசத்தைத் திரட்டிக்கொண்டு அவர் ஓடவில்லை. நேற்றும் முந்தாநாளும் எத்தனையோ வருடமாகவும் செய்ததை இன்றைக்கும் செய்தார். சிங்கக் கெபியில் நின்ற தைரியம், ஒன்றுமே நடக்காத ஆயிரக்கணக்கான சாதாரண நாள்களில் அந்த ஜன்னல் பக்கத்தில் உருவானது. அந்த நாள்களில் பாதிக்குமேல் அவருக்கும் சுவரோடு பேசுகிறதுபோலத்தான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம், வேதம் அதைச் சொல்லவில்லை.

ஒன்றும் உணராமல் ஜெபிக்கிறதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அன்னை தெரசா இறந்து பத்து வருடம் கழித்து, 2007இல், அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் வெளியே வந்தபோது உலகமே திகைத்தது, ஏனென்றால் பல பத்தாண்டுகளாகத் தனக்குள் ஆண்டவருடைய பிரசன்னத்தை உணரவே முடியவில்லை என்று அவர் எழுதியிருந்தார். அத்தனை வருடமும் காலையில் எழுந்து ஜெபித்து, சாகக் கிடக்கிறவர்களைக் கழுவித் துடைத்துக்கொண்டுதான் இருந்தார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல எனக்கு வாய் வராது. உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.

உபவாச முகாமுக்கு இப்போது போகாதீர்கள். உபவாசம் நல்லது, நானும் இருக்கிறேன். ஆனால் உங்களுக்கு இப்போது தேவை தூக்கம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் ஆண்டவரே, நான் சாகிறேன் என்று சொன்னபோது தூதன் அவரை எழுப்பி பிரசங்கம் பண்ணவில்லை. அடை சாப்பிடவைத்து, தண்ணீர் குடிக்கவைத்து, மறுபடியும் தூங்கவிட்டான், எழுப்பித் திரும்பவும் சாப்பிடவைத்தான். அப்புறம்தான் மற்ற பேச்செல்லாம். உங்கள் சபை ஆயரிடமோ பெண்கள் ஐக்கிய சங்கத்திலோ நேரடியாகக் கேளுங்கள்: சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பேர் வந்து மூன்று மணி நேரம் அத்தையோடு இருக்க முடியுமா என்று. அந்த மூன்று மணி நேரமும் ஜெபிக்க வேண்டாம், அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள். மோசேக்கே இரண்டு பேர் வேண்டியிருந்தது. கேட்க வெட்கப்படாதீர்கள். இன்னொன்று, படுத்தாலும் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துப்போனால் நன்றாயிருக்கும் என்ற எண்ணம் வருகிறது என்றால், அது ஒருநாள் இரண்டுநாள் இல்லாமல் தொடர்ந்தால், தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள். மாத்திரை எடுப்பது அவிசுவாசம் இல்லை.

வீட்டுக்காரர் சம்பள விஷயத்தில், "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்காதீர்கள். அங்கே தொழிலாளர் அமைச்சகத்தில் சம்பளப் பாக்கிக்குப் புகார் கொடுக்க வழி இருக்கிறது, துபாயில் இருக்கிற இந்தியத் துணைத் தூதரகம் ஷார்ஜாவையும் சேர்த்துத்தான் பார்க்கிறது, இங்கிருந்து நீங்களே வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்திலும், நம் அரசின் அயலகத் தமிழர் நலத்துறையிலும் மனு கொடுக்கலாம். ஒப்பந்த நகல், பாஸ்போர்ட் நகல், கடைசியாகச் சம்பளம் வந்த வங்கிப் பதிவு இதையெல்லாம் எடுத்துவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மனு எழுதுவதும் ஜெபத்தில் சேர்ந்ததுதான்.

தினமும் என்ன செய்வது? கொஞ்சமாகச் செய்யுங்கள். அரை மணி நேரம், ஒரு மணி நேரம் என்று தீர்மானம் எடுத்து மூன்றாம் நாள் உடைந்து போவதைவிட ஐந்து நிமிடம் போதும், ஆனால் ஒரே நேரம், ஒரே இடம். நாலரைக்கு எழுந்து அத்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, புண் வராமல் முதுகைத் துடைத்துவிடுவீர்கள் அல்லவா, அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தனியாக உட்கார்ந்தால் தூக்கம் வருகிறவர்களுக்கு, கை வேலை செய்துகொண்டிருக்கும்போது வாய் ஜெபிப்பது நல்லது. இந்த மாதம் முழுவதும் 13ஆம் சங்கீதம் மட்டும் போதும். ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிக்கிறது, உங்களுக்காகவே எழுதினதுபோல இருக்கும். சத்தமாகச் சொல்லுங்கள், அத்தை காதிலும் விழட்டும். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம், அபராதம் கட்டவும் வேண்டாம், மறுநாள் வழக்கம்போல எடுத்துச் சொன்னால் போதும்.

அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம். நீங்கள் கணக்கு எழுதுகிறவர், உங்களுக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் கடையில் யாருக்குக் கடன் கொடுக்கிறார்கள்? வந்து நின்று இனிக்க இனிக்கப் பேசுகிறவருக்கா? பேரேட்டைத் திருப்பிப் பார்த்து, இவர் பத்து வருடமாகத் தவணை தவறாதவர் என்றால் மூட்டையை வண்டியில் ஏற்றிவிடுவார்கள். ஆண்டவர்மேல் நம்பிக்கை வருவதும் அந்த வழியில்தான், நாளுக்கு நாள் எழுதின பேரேட்டைத் திருப்பிப் பார்க்கும்போது. ராத்திரி படுக்கும் முன் ஒரே ஒரு வரி: இன்றைக்கு வந்தது என்ன. "அத்தை கஞ்சியை முழு டம்ளர் குடித்தார்கள்." "பக்கத்து வீட்டக்கா மீன்குழம்பு கொண்டுவந்தாள்." "மகன் கேட்காமலே தண்ணீர் பிடித்து வைத்தான்." ஒன்றுமே வராத நாளில் "இன்றைக்கு ஒன்றும் இல்லை, ஏன் ஆண்டவரே" என்று அதையும் எழுதுங்கள், கணக்கில் பொய் வேண்டாம். ஆறு மாதம் கழித்து முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். முதல் வரியாக எதை எழுத வேண்டும் என்று நான் சொல்லட்டுமா? போன மாதத்துத் தேதியைப் போட்டு, கல்லாவில் 3,000 ரூபாய் இருந்தது, இருந்தபடியே வைத்தேன் என்று எழுதுங்கள்.

இப்படிச் செய்தால் அத்தை எழுந்து நடப்பார்களா, பணம் வந்துவிடுமா என்றால், நான் வாக்குக் கொடுக்க முடியாது, கொடுத்தால் நான் அனனியா ஆகிவிடுவேன். டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் விழுந்து அடிபட்டு, 1951இல் இறக்கும்வரை ஏறக்குறைய 20 வருடம் பெரும்பாலும் ஒரே அறையில்தான் இருந்தார். அவருக்காக எத்தனை பிள்ளைகள் ஜெபித்திருப்பார்கள். எழுந்து பழையபடி நடமாடவில்லை, அந்த அறையிலிருந்து எழுதிக்கொண்டே இருந்தார். அவரைக் கைவிட்டுவிட்டார் ஆண்டவர் என்று அந்தப் பிள்ளைகள் யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

கடைசியாக, அத்தையின் பேச்சைப் பற்றி. இதைச் சொல்லத்தான் எனக்கு ரொம்ப ஆசை.

மருத்துவமனையில் இருந்தபோது ஒரு பெரியவர் வந்தார், 70 வயதுக்குமேல் இருக்கும். உங்கள் அத்தையைப்போலவே வலது பக்கம் விழுந்து பேச்சும் போயிருந்தது. மனைவி பெயரைச் சொல்ல வராது, தண்ணீர் என்று சொல்ல வராது, எதைக் கேட்டாலும் "த... த..." என்று ஒரே சத்தம், அப்புறம் இயலாமையில் கண்ணீர். தினமும் போய் ஜெபித்துவிட்டு வருவேன். நாலாவது நாள், சொந்த வார்த்தையில் ஜெபிக்க எனக்கே தெம்பில்லை, ஆகவே "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று ஆரம்பித்தேன். "உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. கரகரத்த குரல், வார்த்தை கொஞ்சம் குழறல், ஆனால் முழுசாக. நான் நிறுத்திவிட்டேன், அவர் நிறுத்தவில்லை. "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று போய்க்கொண்டே இருந்து, ஆமென் வரைக்கும் வந்தார். அவர் மனைவி பிளாஸ்கின் மூடியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்கள். ஜெபம் முடிந்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கு மறுபடியும் "த... த..." என்றார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மாவிடம் கேட்டேன். புதிதாகக் கோத்துப் பேசுகிற பேச்சுக்கு மூளையில் ஒரு பாதை, ஆயிரக்கணக்கான முறை சொல்லிப் பழகின ஜெபம், பாட்டு, ஒன்று இரண்டு எண்ணுவது இதற்கெல்லாம் வேறு பாதை, அதனால் முதல் பாதை அடிபட்டாலும் பலருக்கு இரண்டாவது தப்பிவிடும், எல்லாருக்கும் என்று சொல்ல முடியாது என்றார். அந்தப் பெரியவர் ஐந்து வயதிலிருந்து தினம் குடும்ப ஜெபத்தில் அதைச் சொல்லியிருப்பார். பாதி நாள் தூக்கக் கலக்கத்தில், பாதி நாள் மனசு எங்கோ இருக்க, இப்போது நீங்கள் சொல்கிறீர்களே, அதேபோலத்தான் சொல்லியிருப்பார். அந்த நாள்கள் எதுவும் வீணாகப் போகவில்லை, மனைவி பெயர்கூட நிற்காத இடத்தில் அந்த ஜெபம் நின்றது.

இன்றைக்கு ராத்திரி அத்தை கட்டிலில் இடது பக்கம் உட்காருங்கள். இடது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அந்தக் கைக்குத்தான் உணர்வு நன்றாக இருக்கும். மெதுவாக ஆரம்பித்து, "உம்முடைய நாமம்" என்று சொல்லி நிறுத்திவிட்டு, பத்து எண்ணுகிற நேரம் காத்திருங்கள். வந்தால் வரட்டும், அவர்கள் போகிற வேகத்தில் போகவிடுங்கள், நடுவில் திருத்தாதீர்கள். வராவிட்டால் நீங்களே சொல்லி முடித்து, ஆமென் சொல்லும்போது அந்தக் கையை லேசாக அழுத்துங்கள். நாளைக்கும் அதே நேரத்துக்கு உட்காருங்கள். பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போகிறீர்கள் என்றால் இதை அவர்களிடமும் சொல்லுங்கள். மகனையும் பக்கத்தில் உட்காரவையுங்கள்.